ஏர்ப்பேட்டு ஐஐடியும் மன்னவரத்து ஆலையும்

(சித்தூரில் தமிழ்க் கிளைத் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2015 மார்ச் 28 அன்று திருப்பதிக்கு அருகிலுள்ள ஏர்ப்பேடு வட்டாரத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானியும், வெங்கய்ய நாயுடுவும், முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் அவ்விழாவில் பங்கேற்றனர். ராயலசீமையின் வறட்சியை அறிவியல் போக்கும், இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் செல்லும் காலம் முடியும் என்ற நம்பிக்கை அப்போது விதைக்கப்பட்டது. சரியாகப் பத்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, அதே திருப்பதிக்கு அருகில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இருபது தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பலர் மலைவாழ் பழங்குடி மக்கள். செம்மரக் கடத்தலில் கோடிகளைக் குவிக்கும் முதலாளிகள் ஒருவர்கூட அந்த இருபது பேரில் இல்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரே வட்டாரத்தில் பத்து நாள் இடைவெளியில் நடந்த இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நாட்டின் பொருளாதாரத்தை வளர்க்கும் என்கிறார்கள். கூலிக்காகக் காடேறி உயிரை விட்டவனின் ஊருக்கு அந்த வளர்ச்சி எந்த வழியாக வந்து சேரும்? இன்றைய வகுப்பின் பொருள் அதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனங்களை இடதுசாரிகள் எதிர்ப்பதாக ஒரு பொய்ப் பிரச்சாரம் நீண்ட காலமாக உலவுகிறது. இந்த நாட்டில் ஐஐடிகள் தோன்றிய வரலாற்றை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கைதான், கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு திசைகளிலும் உயர் தொழில்நுட்பக் கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதலாவது கழகம் 1951இல் கரக்பூரில் தொடங்கியது. அது தொடங்கிய கட்டடம் ஹிஜ்லி தடுப்புக் காவல் முகாம். 1931இல் பிரிட்டிஷ் காவல்துறை அங்கே சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இரு விடுதலைப் போராளிகள் உயிரிழந்தனர். அரசியல் கைதிகளின் சிறைக்கூடம் வகுப்பறையாக மாறியது. 1958இல் பம்பாய்க் கழகம் யுனெஸ்கோ வழியாகச் சோவியத் யூனியன் அளித்த இயந்திரங்களோடும் வல்லுநர்களோடும் எழுந்தது. 1959இல் சென்னை கிண்டியில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஒன்று வந்தது. கான்பூருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும், டெல்லிக்கு பிரிட்டனும் உதவின. அணிசேரா நாடு இரு முகாம்களிடமிருந்தும் தொழில்நுட்பத்தைப் பெற்ற காலம் அது.

அன்று இக்கழகங்களோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது என்பது முக்கியமானது. பிலாயிலும் பொகாரோவிலும் உருக்காலைகள் எழுந்தன. செக்கோஸ்லோவாகிய உதவியுடன் திருச்சியில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. பொறியாளர்களை உருவாக்கும் இடமும், அவர்கள் வேலை செய்யும் பொதுத்துறை ஆலையும் ஒரே திட்டத்தின் இரண்டு கைகளாக இருந்தன. அந்தத் திட்டத்துக்கு வர்க்க எல்லைகள் இருந்தன. முதலாளித்துவ வளர்ச்சிக்கான அடித்தளத்தை மக்கள் பணத்தில் அமைத்துத் தந்தது என்ற விமர்சனமும் சரியானதே. ஆயினும் கல்வி ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று அது பிரிந்து நிற்கவில்லை.

இப்போது ஏர்ப்பேட்டுக்கு வருவோம். திருப்பதி ஐஐடி யாருடைய கொடையும் அல்ல. 2014ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் 93ஆவது பிரிவும் பதின்மூன்றாம் அட்டவணையும் அளித்த சட்டபூர்வ உரிமை அது. மாநிலம் பிரிந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் இவற்றையெல்லாம் செய்து முடிக்க ஒன்றிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. கழகம் 2015இல் திருப்பதி - ரேணிகுண்டா சாலையில் ஒரு தனியார் கல்லூரி வளாகத்தில், கட்டுமானம், கணினி, மின்னியல், இயந்திரவியல் ஆகிய நான்கு துறைகளுடன் தற்காலிகமாகத் தொடங்கியது. சென்னை ஐஐடி வழிகாட்டி நிறுவனமாக இருந்தது. 2016இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதற்குத் தேசிய முக்கியத்துவ நிறுவனம் என்ற தகுதியை வழங்கியது. நிரந்தர வளாகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தது 2024 பிப்ரவரி 20 அன்று. அதையும் ஜம்முவில் நடந்த விழாவிலிருந்தே, பல நிறுவனங்களோடு சேர்த்துச் செய்தார். மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அதே அட்டவணையின் மற்ற வரிகள் என்னவாயின? கடப்பாவில் ஒருங்கிணைந்த உருக்காலை அமைப்பதற்கான சாத்தியத்தைச் செயில் நிறுவனம் ஆராய வேண்டும் என்றிருந்தது. ஆராய்ச்சி நடந்தது, ஆலை வரவில்லை. இன்றைய திருப்பதி மாவட்டக் கரையில் துகராஜப்பட்டினம் துறைமுகத்தின் முதல் கட்டம் 2018 முடிவதற்குள் வர வேண்டும் என்றிருந்தது. வரவில்லை. இருக்கும் உருக்காலையையாவது காத்தார்களா? விசாகப்பட்டினம் உருக்காலையின் நூறு சதவீதப் பங்குகளையும் விற்பதற்கு 2021 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. அதைத் தடுத்து நிறுத்தி வைத்திருப்பது தொழிலாளர்களின் இடைவிடாத போராட்டமே. பொறியாளரை உருவாக்கும் கழகம் ஏர்ப்பேட்டில். அவர் வேலை செய்ய வேண்டிய ஆலை ஏலத்தில்.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள விசாகப்பட்டினம் வரைகூடப் போக வேண்டியதில்லை, தோழர்களே. காளஹஸ்திக்கு அருகே மன்னவரம் இருக்கிறது. 2010 செப்டம்பர் 1 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அங்கே ஓர் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். என்டிபிசியும் பெல் நிறுவனமும் கூட்டாக அமைத்த மின் உற்பத்திக் கருவிகள் ஆலை. சுமார் 6,000 கோடி ரூபாய்த் திட்டம். நாட்டிலேயே அதிக மின்சாரம் உற்பத்தி செய்யும் பொதுத்துறை நிறுவனமும், மின் உற்பத்தி இயந்திரங்களைச் செய்யும் பொதுத்துறை நிறுவனமும் கைகோத்தால், வாங்குபவரும் செய்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுவார்கள். சந்தையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அருகே ராணிப்பேட்டையிலும் திருச்சியிலும் பெல் ஆலைகள் இருக்கின்றன. திறன் பெற்ற தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணையான சிறுதொழில்களும் இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஆனால் அந்த ஆலை திட்டமிட்ட உற்பத்தியில் ஒரு சிறு பகுதியைத் தாண்டி வளரவேயில்லை. நிலக்கரி, சாம்பல் ஆகியவற்றைக் கையாளும் கருவிகளோடு நின்றுபோனது. அதே ஆண்டுகளில் தனியார் மின் நிறுவனங்கள் சீன இயந்திரங்களை இறக்குமதி செய்து அனல் மின் நிலையங்களை நிறுவின; அதற்கான கடனைப் பொதுத்துறை வங்கிகள் தந்தன; அந்தக் கடன்களில் பெரும்பகுதி பின்னர் வாராக் கடனாயிற்று. அரசு இயந்திரத்தை வாங்க வேண்டிய இடத்தில் வாங்கியிருந்தால் மன்னவரம் நின்றிருக்கும். 2018இல் என்டிபிசி கூட்டிலிருந்து விலகும் முடிவுக்கு வந்தது. நிலம் கொடுத்த விவசாயக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான வேலைகள் காகிதத்தோடு போயின.

மன்னவரத்து ஆலை முழு அளவில் இயங்கியிருந்தால் ஏர்ப்பேட்டின் இயந்திரவியல் துறைக்கு ஆய்வுப் பொருள் தேடி வந்திருக்கும். கொதிகலனில் பற்றும் அரிப்பு, சாம்பல் தேய்க்கும் குழாய், விசையாழியின் அதிர்வு என ஒவ்வொன்றும் ஓர் ஆராய்ச்சி. சூரிய ஒளி மின்சாரத்தை நோக்கி நாடு திரும்பும்போது அந்த ஆலையையே மாற்றியமைப்பதும் ஓர் ஆராய்ச்சியாக இருந்திருக்கும். ஆலை இல்லாத இடத்தில் ஆய்வாளர் என்ன செய்வார்? வெளிநாட்டு ஆய்விதழ்களின் கேள்விகளுக்கு விடை எழுதுவார். அல்லது விமானம் ஏறுவார். 2010ஆம் ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வு எழுதியோரைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் ஆயிரம் இடங்களைப் பெற்றவர்களில் 36 சதவீதம் பேரும், முதல் நூறு பேரில் 62 சதவீதமும் வெளிநாடு சென்றுவிட்டதைக் காட்டியது. அந்த இளைஞர்களை நாட்டுப்பற்று அற்றவர்கள் என்று ஏசுவதில் பயனில்லை. அவர்கள் கற்ற கல்விக்கு ஏற்ற உற்பத்தி இங்கே கட்டப்படவில்லை.

தென்கொரியாவைப் பார்க்கச் சொல்வார்கள், ஆளும் வர்க்கப் பொருளாதார வல்லுநர்கள். பார்க்கலாம். 1971இல் அங்கே ஓர் உயர் அறிவியல் கழகம் அமெரிக்கக் கடனுதவியுடன் தொடங்கப்பட்டது. இன்று கைஸ்ட் என்று உலகம் அறியும் நிறுவனம் அது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வட கொரியாவில் நடந்த நிலச் சீர்திருத்தத்தின் அச்சத்தில், தெற்கிலும் நிலம் உழுபவனுக்குப் பிரித்தளிக்கப்பட்டிருந்தது. 1961இல் வங்கிகள் அரசின் கைக்கு வந்திருந்தன. எந்தத் தொழிலுக்குக் கடன், எந்த இறக்குமதிக்குத் தடை என்பதை அரசே முடிவு செய்தது. அந்த ஆட்சி தொழிலாளர்களை நசுக்கிய சர்வாதிகாரம் என்பதை மறக்கத் தேவையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, பல்கலைக்கழகம் அங்கே கடைசியாக வந்தது என்பதே. நிலமும் மூலதனமும் ஒழுங்குக்கு வந்த பின் வந்தது. இங்கேயோ நிலச் சீர்திருத்தம் கிடப்பில், வங்கிகள் தனியார்மயத்தின் வாசலில். கழகம் மட்டும் வந்துவிட்டது.

சரி, தொழிலே வரவில்லையா, ஸ்ரீசிட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2015இலேயே அங்கே பாக்ஸ்கான் ஷாவ்மி கைபேசிகளை இணைக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள், தெலுங்கும் தமிழும் பேசும் எல்லைக் கிராமங்களின் மகள்கள், நிறுவனப் பேருந்துகளில் போய் வருகிறார்கள். அந்த வேலையை இழிவாகப் பேசக் கூடாது. வீட்டைவிட்டு வெளியே வந்து கூலி பெறும் முதல் தலைமுறைப் பெண்கள் அவர்கள். நாளைய தொழிற்சங்கத்தின் முதல் வரிசையும் அவர்களே. ஆனால் அந்தக் கைபேசியின் சில்லு, திரை, மென்பொருள், காப்புரிமை எதுவும் இங்கே பிறப்பதில்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார் ஊக்கத் திட்டம் கூடுதல் விற்பனையில் நான்கு முதல் ஆறு சதவீதம்வரை மக்கள் பணத்தை நிறுவனங்களுக்கு அளித்தது. முதலீடும் விற்பனையும் உயர்ந்தால் போதும். இங்கே ஆராய்ச்சி நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

அந்த ஸ்ரீசிட்டியிலேயே 2013 முதல் ஒரு தகவல் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. மூலதனச் செலவில் ஒன்றிய அரசு 50, மாநிலம் 35, தொழில் நிறுவனங்கள் 15 சதவீதம் என்பது அதன் ஏற்பாடு. பதினைந்து போட்டவருக்கு நிர்வாகக் குழுவில் இருக்கை. எண்பத்தைந்தைத் தந்த மக்களுக்கு?

பொது ஆராய்ச்சி என்றால் எப்படி இருக்கும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. பாகாலா போகும் வழியில் காதங்கியில், விண்வெளித் துறையின் வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் ஒரு ராடார் நிற்கிறது. தட்டுப் போன்ற வடிவில் தேடினால் கிடைக்காது. பரந்த ஒரு வயலில் 1,024 யாகி ஆன்டெனாக்கள், பழைய தொலைக்காட்சி ஆன்டெனா போலவே, வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. தரைக்குச் சில கிலோமீட்டர் மேலிருந்து வளிமண்டலத்தின் உயர் அடுக்குகள் வரை காற்றின் ஓட்டத்தை அது அளக்கிறது. பருவமழையையும் இடிமழையையும் புரிந்துகொள்ள உதவும் தரவு அது. 1990களின் தொடக்கத்தில், ஒன்றிய அரசின் பல அறிவியல் துறைகள் சேர்ந்து நிதி தந்து, சமீர் என்ற அரசு நிறுவனம் உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. வெப்ப மண்டலத்தில் உலகம் மதிக்கும் கருவிகளில் ஒன்று. எந்தத் தனியார் மூலதனமும் அதற்காக வரிசையில் நிற்கவில்லை. நிற்கவும் மாட்டாது, ஏனெனில் காற்றோட்டத்தை அளப்பதில் அடுத்த காலாண்டுக்கு லாபம் இல்லை.

இன்று ஒன்றிய அரசு செல்லும் திசை நேர் எதிரானது. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாடு செலவிடுவது 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அது 0.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. சீனா இரண்டேகால் சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கொரியா நான்கரையைத் தாண்டிவிட்டது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, அதாவது தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வரும் என்றார்கள். 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்ட காலக் கடனாகப் போகும். அரசுப் பல்கலைக்கழக ஆய்வகம் வாங்கும் கருவிக்கோ 2022 ஜூலையில் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. ஒரு கையால் கொடுக்கும் மானியத்தை மறு கையால் வரியாகத் திரும்ப எடுக்கும் கலையை இந்த அரசிடம்தான் கற்க வேண்டும்.

2025 மே மாதத்தில் திருப்பதி, பாலக்காடு, பிலாய், ஜம்மு, தார்வாட் ஆகிய ஐந்து ஐஐடிகளின் விரிவாக்கத்துக்கு நான்காண்டுகளில் 11,828 கோடியே 79 லட்சம் ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஐந்து கழகங்களிலும் சேர்த்து 6,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் கூடுவார்கள். 130 பேராசிரியர் பணியிடங்கள் வரும். ஐந்து ஆராய்ச்சிப் பூங்காக்கள் அமையும். இதை வரவேற்க வேண்டும். ஆனால் மாவட்டத்தின் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது ஐஐடியில் அல்ல. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும்தான் படிக்கிறார்கள். ஆந்திர அரசுப் பல்கலைக்கழகங்களில் காலியாகக் கிடந்த 3,220 ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப 2023இல் அறிவிப்பு வெளியாகி, வழக்குகளில் சிக்கி நின்றது. அடிவாரத்தை வறள விட்டுச் சிகரத்துக்கு மட்டும் நீர் ஊற்றும் கொள்கை இது.

யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் ஐஐடி இளநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கும் மிக வறிய குடும்பத்தினருக்கும் விலக்கு உண்டு. அது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அந்த விலக்கைப் பயன்படுத்த முதலில் தேர்வைத் தாண்ட வேண்டும். முதல்நிலைத் தேர்வு 2021 முதல் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட 13 மொழிகளில் நடக்கிறது. ஐஐடிக்குள் நுழையத் தேவையான இரண்டாம் நிலைத் தேர்வோ இன்னும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. நகரியிலோ சத்தியவேட்டிலோ தமிழ்வழியில் படித்த ஒரு பிள்ளை, ஏர்ப்பேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும், தன் மொழியில் அந்தத் தேர்வை எழுத முடியாது. உத்தரப்பிரதேசத்துப் பிள்ளை எழுதலாம். மொழிச் சமத்துவம் பேசுகிறவர்கள் இதற்கு விடை சொல்லட்டும். இடைவெளியை நிரப்பப் பயிற்சி வணிகம் லட்சங்களைக் கேட்கிறது.

நுழைந்த பின்? ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டிலிருந்து ஐஐடிகளுக்கே விலக்கு வேண்டும் என்று 2020இல் அரசு அமைத்த குழு ஒன்று பரிந்துரைத்தது. வழிகாட்டி நிறுவனமான சென்னை ஐஐடியில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் ஜூன் மாதத்தில் திரும்பக் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வேமுலாவை இழந்தோம். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே சாதி தானாகக் கரைந்துவிடாது.

இனி, சித்தூர் மாவட்டத்தின் சொந்தக் கேள்விக்கு வரலாம். அது மாம்பழம். 2025 பருவத்தில் தோத்தாபுரி விலை சரிந்தபோது - கிருஷ்ணகிரித் தோழர்கள் பெங்களூரா என்பார்கள் - மாங்கூழ் ஆலைகள் முந்தைய ஆண்டுக் கூழே தேங்கிக் கிடக்கிறது என்று கைவிரித்தன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. தமிழ்நாடு, கர்நாடகப் பழங்கள் மாவட்டத்துக்குள் வரத் தடையும் விதிக்கப்பட்டது. எல்லையின் இரு புறமும் ஒரே கடனில் மூழ்கிய விவசாயிகளை ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்திய ஆணை அது. பழம் இரண்டு வாரத்தில் அழுகும். ஆலை முதலாளி இரண்டு வாரம் காத்திருப்பார். அவருடைய பேர வலிமை முழுவதும் அந்த அழுகலில் இருக்கிறது.

இது வெறும் விலைப் பிரச்சினையன்று, தொழில்நுட்பப் பிரச்சினையும்கூட. சூரிய ஆற்றலில் இயங்கும் சிறு குளிர்க்கிடங்கு, ஊர் அளவில் கூழெடுக்கும் இயந்திரம், கொட்டையிலும் தோலிலும் இருந்து பெறக்கூடிய பொருட்கள், ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்து செலவிடும் கருவி ஆகியவை ஐஐடியின் ஆற்றலுக்கு உட்பட்டவை. துல்லிய இடமறிதல் தொழில்நுட்பத்துக்கான தேசிய மையம் ஒன்று திருப்பதி ஐஐடியிலேயே இயங்குகிறது. அந்தத் திறன் யாருக்காகப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி. கருவியைச் செய்தால் மட்டும் போதாது. அதை வைத்திருக்க ஒரு கூட்டுறவு வேண்டும். இந்த மாவட்டத்தின் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டதையும், அதே ஆண்டுகளில் தனியார் பால் நிறுவனங்கள் கொழுத்ததையும் சித்தூர் மக்கள் மறக்கவில்லை. உற்பத்தியாளர் அமைப்பு இல்லாத இடத்தில் ஐஐடியின் கண்டுபிடிப்பும் கடைசியில் கூழ் ஆலை முதலாளியின் கிடங்கிலேயே போய்ச் சேரும்.

ஆகவே உடனடி வேலைகள் இவை. வரவிருக்கும் ஆராய்ச்சிப் பூங்காவில் எந்த நிறுவனங்களுக்கு எந்த நிபந்தனையில் இடம் தரப்படுகிறது என்பதை வெளியிடக் கோர வேண்டும். விவசாயிகள், சிறுதொழில் கூட்டுறவுகளுக்கு அதில் பங்கு கேட்க வேண்டும். இரண்டாம் நிலை நுழைவுத் தேர்வை அனைத்து மொழிகளிலும் நடத்தக் கோரி மாணவர் அமைப்பு பள்ளிகளில் கையெழுத்து இயக்கம் தொடங்க வேண்டும். வளாகத்தில் பாதுகாப்பு, துப்புரவு, உணவு விடுதி ஆகிய பணிகளில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலையைத் தொழிற்சங்கத் தோழர்கள் நேரில் அறிந்துவர வேண்டும். மன்னவரம் நிலத்தில் பொதுத்துறை ஆலையே வேண்டும் என்ற கோரிக்கையை மீண்டும் எழுப்ப வேண்டும்.

அடுத்த மாம்பழப் பருவம் தொடங்குவதற்கு முன், விவசாயிகள் சங்கத்தின் சார்பில் ஐஐடி நிர்வாகத்திடம் தோட்டக்காரர்களின் தேவைகளைத் திரட்டி ஒரு மனுவாகக் கொடுப்பது என்று தீர்மானிக்கலாம். அதைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுத வேண்டும். தமிழ்ப் படியை நகரி, சத்தியவேடு, பலமனேர் கிளைகள் பொறுப்பேற்றுத் தயாரிப்பது பொருத்தமாக இருக்கும். கிருஷ்ணகிரி, வேலூர்த் தோழர்களிடமும் ஒரு படி காட்டி, எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களின் கணக்கையும் அதில் சேர்க்க வேண்டும்.